கதவைத் தட்ட ஓர் இடம்

2009 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கவுண்டி நீதிமன்றம் பெப்சிகோ நிறுவனத்துக்கு எதிராக 126 கோடி டாலருக்குத் தீர்ப்பளித்தது. வாதம் நடக்கவில்லை, சாட்சி விசாரணையும் இல்லை. பெப்சிகோ தரப்பில் யாரும் நீதிமன்றத்தில் வந்து நிற்கவே இல்லை என்பதால் எழுதப்பட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பு அது. சுத்திகரித்த குடிநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் யோசனையை 1981-இல் தாங்கள் நம்பிச் சொன்னதாகவும், அதுவே பின்னாளில் அக்வாஃபினாவாகச் சந்தைக்கு வந்துவிட்டதாகவும் இருவர் தொடுத்த வழக்கு.

இத்தனை பெரிய நிறுவனத்துக்கு வழக்கு நடப்பதே தெரியாமல் போனது எப்படி? வழக்கு ஏப்ரலில் தாக்கலானது. ஜூனில் வட கரோலினாவில் உள்ள பெப்சிகோவின் ‘பதிவு முகவர்’ கையில் ஆவணங்கள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. பெப்சிகோ அந்த மாநிலத்தில் பதிவான நிறுவனம். தலைமையகமோ நியூயார்க்கில். செப்டம்பர் நடுவில் வழக்கு தொடர்பான ஒரு கடிதம் சட்டப் பிரிவில் ஒரு செயலாளரின் மேசைக்கு வந்தது. இயக்குநர் குழுக் கூட்டத்துக்கான வேலையில் மூழ்கியிருந்த அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அக்டோபரில்தான் விஷயம் வழக்கறிஞர்களுக்கு எட்டியது. அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். சில வாரங்களில் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

பெப்சிகோவுக்கு ஓடுவதற்கு வழக்கறிஞர் படை இருந்தது. வீட்டு மாடியில் இரண்டு தையல் இயந்திரம் வைத்து இணையத்தில் உடை விற்பவருக்கோ, மூன்று பேர் சேர்ந்து மென்பொருள் எழுதும் குழுவுக்கோ அது கிடையாது. அவர்கள் கையில் இருப்பதெல்லாம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு முகவரி. அந்த முகவரியைத் தரும் தொழில் இன்று உலகெங்கும் பரந்து கிடக்கிறது. ‘விர்ச்சுவல் ஆபீஸ்’ என்றும், ‘ரிஜிஸ்டர்டு ஏஜெண்ட்’ என்றும் இரண்டு பெயர்களில் விற்கிறார்கள். பல நேரம் ஒரே கடையில், ஒரே ரசீதில். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று உட்கார இடம் இருப்பதாகக் காட்டுவது. மற்றது தேடி வருபவர் கையில் அகப்படுவது. வாங்குபவர் பெரும்பாலும் முதலாவதற்கு ஆசைப்பட்டுக் காசு கொடுக்கிறார். அவரைக் கவிழ்ப்பது இரண்டாவது.

நம் ஊரில் சம்மனைக் கொண்டுவருபவர் அமீனா. மனிதர்மேல் வழக்கென்றால் அவருக்குச் சிக்கல் இல்லை: வீட்டுக்குப் போவார், ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவார், ஆள் ஒளிந்துகொண்டால் கதவில் ஒட்டிவிட்டு வருவார். நிறுவனத்துக்கு உடம்பு இல்லை. அதுவும் வேறு மாநிலத்தில் பிறந்த நிறுவனம் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அமெரிக்கா இந்தக் கேள்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே சந்தித்தது. இந்தியானாவில் பதிவான ஒரு காப்பீட்டு நிறுவனம் ஒஹாயோவில் முகவரை வைத்து வியாபாரம் செய்தது. வழக்கு வந்ததும், நாங்கள் அந்த மாநிலத்தவரே இல்லை என்றது. 1850-களில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் மண்ணில் தொழில் செய்ய விடும் மாநிலம், நீதிமன்ற அழைப்பை வாங்கிக்கொள்ள அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான நிபந்தனை என்று சொல்லிவிட்டது. பதிவு முகவர் என்ற ஏற்பாட்டின் வேர் இந்தச் சிந்தனையில் இருக்கிறது. அவர் நிறுவனத்தின் வளர்ச்சிக்காக நியமிக்கப்பட்டவர் அல்ல. நிறுவனத்தின்மேல் வழக்குப் போட விரும்புபவருக்காக நியமிக்கப்பட்டவர்.

இதை ஒரு வணிகமாக மாற்றியவர்களில் முன்னோடி ஜேம்ஸ் டில் என்ற நியூஜெர்சி வழக்கறிஞர். 1880-களின் இறுதியில் நியூஜெர்சி தன் நிறுவனச் சட்டத்தைத் தளர்த்தி, ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்க வழிவிட்டது. பெருமுதலாளிகள் திரண்டு வந்தார்கள். ஆனால் மாநிலத்துக்குள் ஓர் அலுவலகம் வேண்டும், ஆண்டுக் கூட்டம் அங்கேயே நடக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. நியூயார்க்கில் வசதியாக உட்கார்ந்திருப்பவர்கள் ஹட்சன் ஆற்றைத் தாண்டி வர வேண்டுமா? டில் 1892-இல் ‘கார்ப்பரேஷன் டிரஸ்ட் கம்பெனி’யைத் தொடங்கினார். அலுவலகம், பதிவேடு, கூட்டம் நடத்த ஆள் என எல்லாவற்றையும் கட்டணத்துக்கு அது பார்த்துக்கொண்டது. பின்னர் ஆளுநரான உட்ரோ வில்சன், 1913-இல் ‘ஏழு சகோதரிகள்’ என்று பெயர் பெற்ற சட்டங்களைக் கொண்டுவந்து கடிவாளத்தை இறுக்கினார். நிறுவனங்கள் பக்கத்து மாநிலமான டெலவேருக்கு மூட்டை கட்டின. 1899-லேயே நியூஜெர்சியைப் பார்த்துத் தன் சட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு டெலவேர் காத்திருந்தது. டில்லின் கம்பெனியின் வாரிசு இன்று ‘சிடி கார்ப்பரேஷன்’ என்ற பெயரில் வோல்டர்ஸ் குளூவர் குழுமத்தின் கையில் இருக்கிறது.

அதன் டெலவேர் அலுவலகம் வில்மிங்டன் நகரில் வடக்கு ஆரஞ்சுத் தெரு, எண் 1209. உயரமில்லாத, கண்ணில் படாத கட்டடம். 2012-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியபடி ஏறத்தாழ 2,85,000 நிறுவனங்களின் சட்டபூர்வ முகவரி அது. கூகுள், கோகோ கோலா, வால்மார்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்த எண்ணிக்கையைச் சொன்னதுமே கேட்பவர் முகம் சுளிப்பார். ஏதோ மோசடி என்று முடிவு கட்டிவிடுவார். கேமன் தீவுகளின் அக்லாண்ட் ஹவுஸில் 18,857 நிறுவனங்கள் பதிவாகியிருந்ததை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு 2008-இல் கணக்கெடுத்தபோதும் அப்படித்தான் பேசினார்கள். என் பார்வையில் இந்த வியப்பு இடம் தவறிய வியப்பு. 1209-இல் அத்தனை நிறுவனங்கள் ‘இயங்குவதாக’ யாரும் சொல்லவில்லை. அது அத்தனை நிறுவனங்களுக்கும் சம்மன் கொடுக்கும் சாளரம். கூட்டம் இருப்பது குற்றமில்லை. சாளரத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா, அவருக்குப் பின்னால் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முகவரின் அன்றாட வேலை சுவாரசியமற்றது. தெருப்பெயரும் கதவு எண்ணும் உள்ள இடம் வேண்டும். அஞ்சல் பெட்டி எண் செல்லாது. அலுவலக நேரத்தில் ஆள் இருக்க வேண்டும். வரும் சம்மனை வாங்கி, ஸ்கேன் செய்து, அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற வழக்கில் பதில் தர பொதுவாக 21 நாட்கள். அந்த நாட்கள் முகவர் கையில் காகிதம் விழுந்த நொடியிலிருந்து ஓடத் தொடங்கும். முதலாளி மின்னஞ்சலைத் திறந்த நொடியிலிருந்து அல்ல. இந்தச் சேவைக்கு ஆண்டுக்கு ஐம்பது டாலரிலிருந்து சில நூறு டாலர் வரை வாங்குகிறார்கள். வேலையைப் பார்த்தால் அதிகம், தவறினால் வரும் நட்டத்தைப் பார்த்தால் சொற்பம்.

நிறுவனம் பதிவான மாநிலத்தில் குடியிருப்பவர் தானே அதற்கு முகவராக இருக்கலாம், செலவில்லை. ஆனால் வீட்டு முகவரி பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். தனியாக வீட்டிலிருந்து தொழில் செய்யும் ஒரு பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கோபமான வாடிக்கையாளர், விளம்பரக் கடிதம் அனுப்புகிறவர், விட்டுப் போன பழைய கணவர் என யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடி எடுக்கலாம். இந்தத் தொழிலைப் பற்றிய விவாதங்களில் கறுப்புப் பணத்துக்குக் கிடைக்கும் இடம் இந்த நியாயமான அச்சத்துக்குக் கிடைப்பதில்லை.

விர்ச்சுவல் ஆபீஸ் வேறு சரக்கு. நகரின் நல்ல தெருவில் ஒரு முகவரி, நம் பெயரில் போனை எடுத்துப் பேச ஓர் ஆள், தபாலைப் பிரித்து ஸ்கேன் செய்யும் ஏற்பாடு, மாதத்தில் சில மணி நேரம் கூட்ட அறை. 1989-இல் பிரஸ்ஸல்ஸில் மார்க் டிக்சன் தொடங்கிய ரீஜஸ் போன்ற நிறுவனங்கள் வாடகை அறைகளோடு இதையும் சேர்த்து விற்று உலகமெங்கும் பரப்பின.

புதியதா இது? சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வைத்திருந்த கிட்டங்கிகளை நினைத்துக்கொள்ளலாம். ஒரே நீண்ட கூடம். அதில் வரிசையாகப் பல வட்டிக்கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மேசைப் பெட்டி, ஓர் அலமாரி, உட்கார ஒரு பாய். கடையின் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜெண்டு அங்கே இருந்து கொடுக்கல் வாங்கலை நடத்துவார், நீதிமன்றத்துக்கும் போவார். ஒவ்வொரு கடைக்கும் தலையெழுத்துகளைக் கோத்த ஒரு ‘விலாசம்’. அந்த விலாசமே அதன் பெயர், அதன் நாணயம். கூடம் பொதுவானதுதான், ஆனால் பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். கிட்டங்கிக்கும் இன்றைய விர்ச்சுவல் ஆபீஸுக்கும் வித்தியாசம் அந்த ஆள்தான்.

டெலவேர் சட்டமே இப்போது அங்கே வந்து நிற்கிறது. பதிவு முகவராக இருப்பவர் தன் கடமையை வெறும் விர்ச்சுவல் ஆபீஸ் வழியாகவோ, தபாலைத் திருப்பி அனுப்பும் சேவை வழியாகவோ மட்டும் செய்யக் கூடாது என்று அண்மையில் திருத்தம் எழுதியிருக்கிறார்கள். இல்லாத நிறுவனங்களுக்கு முகவரி தந்து வாழும் மாநிலம், முகவரி தருகிறவராவது உண்மையில் அங்கே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. சிரிப்பு வரலாம்; ஆனால் இந்த ஏற்பாட்டின் முழு எடையும் தாங்குவது அந்த ஒரு புள்ளியில்தான்.

அந்தப் புள்ளி உளுத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வயோமிங்கின் செயன் நகரம் சாட்சி. 2011-இல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் தோம்ஸ் அவென்யூ 2710 என்ற ஒற்றைத்தளச் செங்கல் வீட்டைத் தேடிப் போனார்கள். 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே பதிவாகியிருந்தன. உள்ளே சுவரில் எண்ணிட்ட சிறு அஞ்சல் பெட்டிகள். அந்த முகவரியோடு தொடர்புள்ளவற்றில் ஒன்று, பணமோசடி வழக்கில் அமெரிக்காவில் தண்டிக்கப்பட்ட உக்ரைன் முன்னாள் பிரதமர் பாவ்லோ லாசரென்கோவின் கட்டுப்பாட்டில் இருந்ததாகக் கூறப்பட்டது. உரிமையாளர் பெயரை எவரும் கேட்காத மாநிலத்தில் முகவர் சுவராகிவிடுகிறார். நிறுவனங்களின் உண்மை உரிமையாளர்களைக் கூட்டாட்சி அரசிடம் தெரிவிக்கச் சொல்லி 2021-இல் ஒரு சட்டம் வந்தது. 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கும் வந்தது. ஆனால் 2025 மார்ச்சில், உள்நாட்டில் பதிவான நிறுவனங்களுக்கு அது தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள். செயன் வீட்டைக் காட்டிக் கேட்ட கேள்வி கேட்டபடியே நிற்கிறது.

பிரிட்டன் வேறு வழியில் பாடம் கற்றது. அங்கே நெடுங்காலமாகப் பன்னிரண்டு பவுண்டுக்கு நிறுவனம் தொடங்க முடிந்தது. கொடுக்கும் முகவரி யாருடையது என்று எவரும் சரிபார்க்கவில்லை. கார்டிஃபில் ஒரு மனிதரின் அடுக்ககத்துக்கு வரித்துறைக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவருக்குத் தெரியாமலே சுமார் 11,000 சீன நிறுவனங்கள் அவர் வீட்டு முகவரியில் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்திருந்தன. முகவரியைத் திருடுவது பணப்பையைத் திருடுவது போலக் கண்ணுக்குத் தெரியாது, பறிகொடுத்தவர் வீட்டுக்குக் கடன் நோட்டீஸ் வரும்வரை. 2024 மார்ச் 4 முதல் அங்கே ‘பொருத்தமான முகவரி’ கட்டாயம். கொண்டுவந்து கொடுக்கும் ஆவணம் நிறுவனத்தின் சார்பில் செயல்படும் ஒருவரின் கவனத்துக்கு வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும், பெற்றுக்கொண்டதற்குச் சான்று தரவும் வழி இருக்க வேண்டும். வெறும் அஞ்சல் பெட்டி எண் போதாது. முகவரிச் சேவை நிறுவனங்களைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடம் யாருடையது என்பது பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை, கடிதம் போய்ச் சேருமா என்றுதான் கேட்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேரான வரையறை வேறு நாட்டில் இல்லை.

இந்தியச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே வாசகம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, எல்லாத் தகவல்களையும் அறிவிப்புகளையும் பெற்று ஒப்புகை தரத்தக்க பதிவு அலுவலகம் வேண்டும் என்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அலுவலகத்துக்கு வெளியே பெயரும் முகவரியும் எழுதப்பட வேண்டும், வட்டார மொழியிலும் எழுத வேண்டும். பதிவாளருக்குச் சந்தேகம் வந்தால் நேரில் வந்து பார்க்கலாம். 2022-இல் வந்த விதிப்படி அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இருவரை வைத்துக்கொண்டு, இடத்தைப் புகைப்படம் எடுத்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கு முன்பே 2019-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டடத்தின் வெளித்தோற்றத்தையும், உள்ளே குறைந்தது ஓர் இயக்குநர் இருப்பதையும் படமெடுத்து, இருப்பிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அனுப்பச் சொன்னார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று இயக்குநர்கள் படமெடுத்துக்கொண்ட காலம் அது.

காரணம் இல்லாமல் இல்லை. 2017-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. 2023-இல் போலி ஜிஎஸ்டி பதிவுகளைத் தேடி நாடெங்கும் நடத்திய இரண்டு மாதச் சோதனையில் 21,791 பதிவுகள் ஆளே இல்லாதவை என்று தெரிந்தது. ஏறத்தாழ 24,000 கோடி ரூபாய் வரி ஏய்ப்பு என்று சந்தேகம். வேறொருவரின் மின்கட்டண ரசீதை வைத்துப் பதிவு செய்து, போலி பில் அடித்து, வரிக்கழிவை எடுத்துக்கொண்டு காணாமல் போவது இந்த வியாபாரம்.

அந்தச் சோதனையின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால்தான் விர்ச்சுவல் ஆபீஸ் ஏன் இங்கே இவ்வளவு விற்கிறது என்று புரியும். ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஈரோட்டில் போர்வை நெய்து இணையத்தில் விற்பவர், தன் சரக்கை ஹரியானாவில் உள்ள விற்பனைத் தளத்தின் கிடங்கில் வைக்க விரும்பினால் ஹரியானாவிலும் பதிவு செய்ய வேண்டும். அங்கே அவருக்குக் கடை ஏது, வீடு ஏது? ஆகவே ஒரு விர்ச்சுவல் முகவரியை வாங்கி அதை முதன்மை வணிக இடமாகக் காட்டி, கிடங்கைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்கிறார். ஆட்சேபணையின்மைச் சான்று, வாடகை ஒப்பந்தம், மின் ரசீது மூன்றையும் சேவை நிறுவனமே தயாராக வைத்திருக்கும். விதிப்படி நுழைவாயிலில் ஜிஎஸ்டி எண்ணோடு பெயர்ப்பலகை வேண்டும். அதையும் மாட்டித் தருவார்கள். அதிகாரி வந்து பார்க்கும் நாளில் எல்லாம் சரியாக இருக்கும். சில நேரம், எண்பது பெயர்கள் நெருக்கியடிக்கும் அந்தப் பலகையைப் பார்த்ததுமே அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு. இந்த நெசவுக்காரர் ஏமாற்றுபவர் அல்லர். அவர் தொழில் ஓரிடத்தில் இல்லை, சட்டமோ அதை ஓரிடத்தில் தேடுகிறது.

இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் பதிவான நிறுவனத்துக்கு அமெரிக்கப் பாணிப் பதிவு முகவர் என்ற தனிப் பதவி கிடையாது. அந்த ஏற்பாட்டுக்கு நெருங்கி வருவது நிறுவனச் சட்டத்தின் 380-ஆம் பிரிவு: இந்தியாவில் தொழில் நடத்த வரும் வெளிநாட்டு நிறுவனம், நீதிமன்ற அழைப்பையும் அறிவிப்பையும் வாங்கிக்கொள்ள இங்கே வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். உள்நாட்டு நிறுவனத்துக்குப் பதிவு அலுவலகமே எல்லாம். ஆகவே விர்ச்சுவல் ஆபீஸ் வாங்கும் இந்தியச் சிறுதொழில்காரர், பெயர்ப்பலகை மாட்டும் வேலைக்காரரிடமே சம்மன் வாங்கும் வேலையையும் ஒப்படைக்கிறார். அந்த வேலைக்கான பொறுப்போ பயிற்சியோ அவருக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்காது. சந்தா தீர்ந்து புதுப்பிக்காமல் விட்டால் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அமைச்சகத்தின் பதிவேட்டில் மட்டும் அந்த முகவரி அப்படியே இருக்கும்.

கடல் கடந்து பதிவு செய்பவர்களுக்கு இது இரட்டிப்பாகிறது. சென்னையில் 2010-இல் தொடங்கப்பட்டு 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறிய ஃபிரெஷ்வொர்க்ஸ் டெலவேரில் பதிவான நிறுவனம். அந்த வழியில் போக நினைக்கும் சின்னக் குழுக்களுக்கு 2016-இல் வந்த ஸ்ட்ரைப் அட்லஸ் போன்ற சேவைகள் சில நூறு டாலருக்கு டெலவேர் நிறுவனத்தையும் முதலாண்டு முகவரையும் சேர்த்துத் தருகின்றன. கோயம்புத்தூரில் ஓர் அறையில் இருந்துகொண்டு இதை வாங்கியவருக்கு மூன்று முகவரிகள்: வில்மிங்டனில் முகவர், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் காட்ட அமெரிக்காவில் ஒரு தபால் முகவரி, கோவையில் உண்மையான அறை. நடுவில் உள்ளதற்கு அமெரிக்க அஞ்சல் துறையின் 1583 எண் படிவத்தை நிரப்பி, இரண்டு அடையாளச் சான்றோடு கொடுக்க வேண்டும். அப்போதும் சில வங்கிகள் அது தபால் முகவரி என்று கண்டுகொண்டு கணக்குத் தர மறுக்கும்.

பிப்ரவரியில் முகவரிடமிருந்து ஒரு நினைவூட்டல் வரும். நிறுவன வரியை மார்ச் 1-க்குள் கட்ட வேண்டும். ஒரு கோடிப் பங்குகளை அனுமதித்துப் பதிவு செய்த நிறுவனமானால், மாநிலத்தின் முதல் கணக்குமுறைப்படி தொகை 85,165 டாலர். வருமானமே பார்க்காத பையன்களுக்கு மயக்கம் வராத குறை. இரண்டாவது முறையில், சொத்தின் அடிப்படையில் கணக்கிட்டால் பெரும்பாலும் 400 டாலரோடும் ஆண்டறிக்கைக் கட்டணத்தோடும் முடிந்துவிடும். இதைச் சொல்லித் தருபவர் நல்ல முகவர். நினைவூட்டலை மட்டும் தள்ளிவிடுபவரும் முகவர்தான். இருவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

இரண்டாம் ஆண்டு முகவருக்கான கட்டணத்தைக் கட்ட மறந்துவிட்டால்? யோசனை தோற்றிருக்கலாம், நண்பர்கள் பிரிந்திருக்கலாம், மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கலாம். முகவர் பொறுத்துப் பார்ப்பார், பிறகு விலகல் சான்றிதழைத் தாக்கல் செய்வார். டெலவேர் சட்டப்படி அதன்பின் முப்பது நாட்களுக்குள் புதிய முகவரை நியமிக்காத நிறுவனத்தின் உரிமம் பறிக்கப்படும். ஆனால் வழக்குப் போடுபவருக்குக் கதவு மூடாது. அவர் சம்மனை டோவரில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தில் கொடுத்தால் போதும். அங்கே ஓர் ஊழியர் கோப்பைத் திறந்து, கடைசியாக எழுதப்பட்டிருக்கும் முகவரியைப் பார்த்து உறையில் எழுதி அஞ்சலில் போடுவார். கோவையில் அந்த அறையில் இப்போது வேறு யாரோ குடியிருக்கலாம். சட்டத்தின் கணக்கில் அழைப்பு சார்பு செய்யப்பட்டாயிற்று. நாட்கள் ஓடத் தொடங்கிவிட்டன.